விதைக்குள் என்ன எழுதியிருக்கிறது? மரபணு, டி.என்.ஏ., மரபணுத் தொழில்நுட்பம்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை விவசாயிகளுக்கு ஓர் அறிமுகம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மக்காச்சோளமோ பருத்தியோ போடும் விவசாயி, ஒவ்வொரு ஆண்டும் விதைக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அதே விவசாயி நெல்லில் போன போகத்து விதையையே எடுத்து விதைக்கிறார். கல்வராயன் மலையில் சாமை போடுபவர்கள் பாட்டன் காலத்து விதையை இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். கரும்பிலும் மரவள்ளியிலும் விதை என்ற பேச்சே இல்லை; கரணையும் குச்சியும்தான்.

ஏன் ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு வழக்கம்? மக்காச்சோளத்தில் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்தாலும் அடுத்த ஆண்டு விளைச்சல் ஏன் குறைகிறது? பி.டி. பருத்தி போட்டும் காய்ப்புழு ஏன் வருகிறது? இவற்றுக்கெல்லாம் விடை மரபணுவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்த விதையை நீங்களே சேமிக்கலாம், எதைக் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும், விதை விற்பவர் சொல்வதில் எதை நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

மரபணு என்றால் என்ன?

ஒவ்வொரு செடியும் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற மிக மெல்லிய நூல் இருக்கிறது. இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு போல இருக்கும் இதன் வடிவத்தை 1953-இல் வாட்சன், கிரிக் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானி எடுத்த எக்ஸ்ரே படங்கள் அதற்குப் பெரிதும் உதவின.

இந்த நூல் முழுக்க நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது: ஏ, டி, ஜி, சி. நெல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 39 கோடி எழுத்துகள் இருக்கின்றன. இந்த நீண்ட எழுத்து வரிசையில், ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கட்டளை எழுதப்பட்ட பகுதிதான் மரபணு. செடி எவ்வளவு உயரம் வளர வேண்டும், எத்தனை நாளில் பூக்க வேண்டும், ஒரு நோயைத் தாங்குமா என்பதையெல்லாம் மரபணுக்கள் நிர்ணயிக்கின்றன.

டி.என்.ஏ. நூல் குரோமோசோம் என்ற கண்டுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. நெல்லில் 12 ஜோடி, மக்காச்சோளத்தில் 10 ஜோடி, மனிதனில் 23 ஜோடி. ஜோடியில் ஒன்று தாயிடமிருந்து வருகிறது, மற்றொன்று தந்தையிடமிருந்து. அதாவது ஒவ்வொரு குணத்துக்கும் செடியிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றவை எளிதில் விளங்கும்.

இன்னொன்றும் முக்கியம். உரம், தண்ணீர், விதை நேர்த்தி எதுவும் மரபணுவை மாற்றுவதில்லை. உப்புக் கரைசலில் நெல் விதையைப் போட்டு மிதக்கும் பதரை நீக்கினால் கனமான விதை கிடைக்கும், நன்றாக முளைக்கும். ஆனால் ரகம் அதே ரகம்தான். நல்ல மரபணு இருந்தும் பராமரிப்பு இல்லாவிட்டால் விளையாது. எவ்வளவு பராமரித்தாலும் மரபணுவில் இல்லாத குணம் வராது.

குட்டை நெல் சொன்ன கணக்கு

இன்றைய ஆஸ்திரியாவுக்கு வடக்கே, செக் நாட்டின் பிர்னோ நகரத்து மடத்தில் இருந்த மெண்டல் என்ற துறவி, தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலப்பு செய்து பார்த்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாக வந்தது. அந்த விதையை மறுபடி விதைத்தால் மூன்று பங்கு நெட்டை, ஒரு பங்கு குட்டை. மறைந்து கிடந்த குணம் திரும்ப வந்தது. 1866-இல் அவர் இதை வெளியிட்டார். உலகம் அதைக் கவனிக்க 1900 ஆனது.

இதே கணக்குதான் நம் நெல் வயலையும் மாற்றியது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல், பீட்டா என்ற உயரமான இந்தோனேசிய நெல்லையும் தைவானின் ஒரு குட்டை நெல்லையும் கலந்தார்கள். முதல் தலைமுறை முழுவதும் உயரம். அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு குட்டை. அந்தக் குட்டைச் செடிகளிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் 1966-இல் வெளியான ஐ.ஆர். 8. உரம் போட்டாலும் சாயாத நெல். அந்தக் குட்டைக் குணம் ஒரே ஒரு மரபணுவின் வேலை. இன்று நாம் பயிரிடும் குட்டை ரகங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் குணம் இருக்கிறது.

மக்காச்சோளத்தில் விதை ஏன் எடுக்க முடியாது?

கடையில் வாங்கும் மக்காச்சோளம் வீரிய ஒட்டு விதை, அதாவது ஹைபிரிட். பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து நிலைப்படுத்திய இரண்டு தனித்தனிப் பெற்றோரை அருகருகே நட்டு, தாய் வரிசையின் ஆண் பூவை நீக்கிவிட்டு, தந்தை வரிசையின் மகரந்தத்தால் பிடிக்க வைத்த விதை அது. பெற்றோர் இருவரும் பார்ப்பதற்கு மெலிந்த செடிகள். ஆனால் அவர்களுக்குப் பிறந்த முதல் தலைமுறை மட்டும் அசாத்திய வீரியத்தோடு வளரும். வயல் முழுவதும் ஒரே உயரம், ஒரே நாளில் பூ, ஒரே அளவு கதிர்.

அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதை இரண்டாம் தலைமுறை. மெண்டல் கண்ட அதே பிரிவு இங்கும் நடக்கும். ஒரு செடி உயரம், பக்கத்துச் செடி குட்டை. ஒன்று முன்னால் பூக்கும், மற்றொன்று பின்னால். முதல் தலைமுறையின் கூடுதல் வீரியத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும். நீங்கள் எவ்வளவு பெரிய கதிராகத் தேர்ந்தெடுத்தாலும் இது தவிர்க்க முடியாதது. இதில் கம்பெனி எந்த மந்திரமும் வைக்கவில்லை; இது இயற்கையின் கணக்கு. முளைக்காதபடி செய்த 'மலட்டு விதை' விற்கிறார்கள் என்று ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட விதை உலகில் எங்குமே வணிகத்துக்கு வரவில்லை.

ஹைபிரிட் வேறு, மரபணு மாற்றுப் பயிர் வேறு என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் மரபணு மாற்று மக்காச்சோளம் பயிரிட அனுமதி இல்லை. படைப்புழுவைத் தாங்கும் மரபணு மாற்று மக்காச்சோளம் என்று சொல்லி யாராவது விதை விற்றால் வாங்க வேண்டாம்.

கரும்பும் மரவள்ளியும்: ஒரே செடியின் நகல்கள்

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குப் போகும் கரும்புக்குப் பின்னாலும் ஒரு மரபணுக் கதை இருக்கிறது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பர், வெங்கட்ராமன் ஆகிய விஞ்ஞானிகள், தடித்த இனிப்புக் கரும்பையும் ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்பையும் கலந்தார்கள். இனிப்பு ஒரு பக்கமிருந்தும், வறட்சியையும் நோயையும் தாங்கும் உறுதி மறுபக்கமிருந்தும் வந்தன. அப்படி உருவான கோ 205 என்ற ரகம் 1918-இல் வெளியானது. 1930-களில் ஜானகி அம்மாள் என்ற தாவரவியல் அறிஞர் அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இன்று நீங்கள் நடும் கோ 86032-இலும் அந்தக் காட்டுக் கரும்பின் ரத்தம் ஓடுகிறது.

கரணை நட்டு வளரும் கரும்பில் தாய், தந்தை என்ற கலப்பே நடப்பதில்லை. கரணையின் டி.என்.ஏ. எதுவோ அதுவே புதுச் செடியின் டி.என்.ஏ. அதனால் ரகம் மாறாது. எத்தனை ஆண்டு நட்டாலும் கோ 86032 அதே ரகம்தான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வயல் முழுவதும் ஒரே மரபணு என்றால், ஒரு செடியை வீழ்த்தும் நோய் எல்லாச் செடியையும் வீழ்த்தும். அதிக சர்க்கரைக் கட்டுமானத்துக்குப் பெயர் பெற்ற கோக 671 ரகம் செவ்வழுகல் நோயில் அடிபட்டுப் பின்வாங்கியது இப்படித்தான். ஊர் முழுக்க ஒரே ரகம் போடாமல் ஆலை பரிந்துரைக்கும் இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து நடுவது பாதுகாப்பு.

மரவள்ளியிலும் இதே நிலைதான். குச்சியில் ரகம் மாறாது. ஆனால் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ் குச்சியோடு சேர்ந்தே அடுத்த பயிருக்குப் போகும். வெள்ளை ஈயும் பரப்பும். இது மரபணுக் குறைபாடு அல்ல, தொற்று. ஆகவே ரகத்தை மாற்றுவதற்கு முன், தேமல் இல்லாத செடிகளைப் பயிர் பச்சையாக இருக்கும்போதே அடையாளம் கட்டி வைத்து, அவற்றிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள். அறுவடைக்குப் பின் கட்டுக் கட்டாகக் கிடக்கும் குச்சியைப் பார்த்தால் எது நோயுள்ளது என்று தெரியாது. தேமலைத் தாங்கும் ரகங்களைப் பற்றி ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பி.டி. பருத்தி: வேலை செய்ததும் தடுமாறியதும்

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரே இனத்துக்குள்ளோ நெருங்கிய உறவுகளுக்குள்ளோ நடக்கும் கலப்பு. மரபணு மாற்றம் என்பது வேறு. தொடர்பே இல்லாத ஓர் உயிரிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பயிருக்குள் வைப்பது.

மண்ணில் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது. பி.டி. என்பது அதன் பெயர்ச் சுருக்கம். அது உண்டாக்கும் ஒரு புரதம் சில புழுக்களின் குடலைப் புண்ணாக்கிக் கொல்லும். அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். இந்தியாவில் 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இரண்டு மரபணுக்கள் கொண்ட இரண்டாம் வகை 2006-இல் வந்தது. இந்தியாவில் பயிரிட மத்திய அரசு அனுமதி பெற்று வயலுக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான்.

தொடக்கத்தில் பச்சைக் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து வெகுவாகக் குறைந்தது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பல விவசாயிகளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை.

முதலாவது, பி.டி. புரதம் காய்ப்புழுக்களை மட்டுமே பார்த்துக்கொள்ளும். தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது தொடாது. 'பி.டி. போட்டால் மருந்தே வேண்டாம்' என்பது தவறு.

இரண்டாவது, பூச்சிக்கும் மரபணு உண்டு. லட்சக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டுக்கு அந்தப் புரதத்தைத் தாங்கும் குணம் இயற்கையாகவே இருக்கலாம். மற்றவை சாக, அவை மட்டும் தப்பி, தங்களுக்குள் கூடினால் தாங்கும் குணமுள்ள சந்ததி பெருகும். இளஞ்சிவப்பு காய்ப்புழு இப்படித்தான் முதல் வகைப் பி.டி.யைக் குஜராத்தில் 2010 வாக்கில் வென்றது. சில ஆண்டுகளில் இரண்டாம் வகையையும் தாண்டியது.

இதைத் தடுக்கத்தான் பி.டி. அல்லாத பருத்தியையும் சேர்த்து நடச் சொன்னார்கள். அதில் வளரும் சாதாரண அந்துப்பூச்சிகள், தாங்கும் குணமுள்ளவற்றோடு கூடும்போது அந்தக் குணம் பெருகாமல் கட்டுப்படும். முன்பு தனிச் சிறு பொட்டலமாகக் கொடுத்த அந்த விதையைப் பலர் விதைக்கவில்லை. இப்போது 475 கிராம் பாக்கெட்டுக்குள்ளேயே கலந்து தருகிறார்கள். வயலில் நடுவே சில செடிகளில் மட்டும் புழு தெரிந்தால் விதை மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

- ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, இளஞ்சிவப்பு காய்ப்புழுவின் அந்துப்பூச்சி வரத்தைக் கவனியுங்கள்.
- ரோஜாப்பூ போலக் குவிந்து மூடிக்கிடக்கும் பூக்களைப் பறித்து அழியுங்கள். உள்ளே புழு இருக்கும்.
- கடைசி எடுப்புக்குப் பிறகும் காய்க்கும் என்று பயிரை நீட்டிக்காதீர்கள். மாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வயலோரம் அடுக்கி வைத்தால் அடுத்த பருவத்துக்குப் புழுவை நீங்களே வளர்க்கிறீர்கள்.
- பி.டி. பருத்தியில் விதை எடுத்து விதைக்காதீர்கள். அதுவும் ஹைபிரிட்தான். வீரியம் குறைவதோடு, பி.டி. மரபணுவும் பிரிந்துபோகும். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால், நான்கில் ஒரு செடிக்கு அது இருக்காது.
- களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று ரசீது இல்லாமல் விற்கப்படும் விதை அனுமதி பெறாதது. முளைக்காவிட்டால் நீங்கள் யாரிடமும் முறையிட முடியாது.

உணவுப் பயிர்களில் நிலைமை வேறு. பி.டி. கத்தரிக்கு 2009-இல் வல்லுநர் குழு ஒப்புதல் அளித்தது. ஆனால் எதிர்ப்புகள் எழுந்ததால் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. பக்கத்து வங்கதேசத்தில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். மரபணு மாற்றுக் கடுகு குறித்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள்.

மரபணுத் திருத்தம்: அடுத்து வருவது

வெளி உயிரிலிருந்து எதையும் சேர்க்காமல், செடியின் சொந்த டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டித் திருத்துவது மரபணுத் திருத்தம். கிரிஸ்பர் என்ற இந்த முறைக்காக இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு, இம்மானுவேல் சார்பாந்தியே, ஜெனிபர் டவுட்னா, 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நீண்ட கடிதத்தில் ஒரு எழுத்தை மட்டும் அழித்துத் திருத்துவது போல.

2025 மே மாதம் மத்திய அரசு இப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று, பி.பி.டி. 5204 என்று நீங்கள் அறிந்த சம்பா மசூரியிலிருந்து ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டி.ஆர்.ஆர். தான் 100, கமலா. கதிரில் மணி எண்ணிக்கை கூடும், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மற்றொன்று, எம்.டி.யு. 1010-இலிருந்து தில்லியில் உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. வறட்சியையும் உவர் நிலத்தையும் தாங்குவது இதன் நோக்கம். ஆய்வு முடிவுகளைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. வேளாண்மைத் துறையோ பல்கலைக்கழகமோ நம் பகுதிக்குப் பரிந்துரைக்கும் வரை, இந்தப் பெயர்களைச் சொல்லி விற்கும் விதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய விதை ஏன் சொத்து?

புதிய தொழில்நுட்பம் எதுவாக இருந்தாலும், அதற்கு மூலப்பொருள் பழைய விதைதான். ஓர் உதாரணம். வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும் குணம் ஒடிசா விவசாயிகள் காலம் காலமாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லில் இருந்தது. அந்த மரபணுவுக்கு சப் 1 என்று பெயர் வைத்தார்கள். டி.என்.ஏ. பரிசோதனை மூலம் அது எந்தச் செடியில் இருக்கிறது என்று நாற்றுப் பருவத்திலேயே பார்த்து, வழக்கமான கலப்பு முறையிலேயே அதை மற்ற ரகங்களுக்கு மாற்றினார்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்த சி.ஆர். 1009 சப் 1 அப்படி வந்தது. அந்த ஒடிசா விவசாயிகள் 'விளைச்சல் குறைவு' என்று அந்த நெல்லைக் கைவிட்டிருந்தால், எந்த ஆய்வகமும் அதை மறுபடி உண்டாக்கியிருக்க முடியாது.

கல்வராயன் மலையில் இருக்கும் சாமை, கேழ்வரகு, தினை விதைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மலைச் சரிவில், மானாவாரியில், மெல்லிய மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தேறிய விதைகள் அவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மரவள்ளி பரவியபோது சாமை நிலம் வெகுவாகச் சுருங்கியது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களோடு சேர்ந்து விதை வங்கிகள் அமைத்து நாட்டுச் சாமைகளைக் காத்தது. கல்வராயன் மலையிலும் மரவள்ளி, மக்காச்சோளம் போடுவது உங்கள் வருமானத்துக்காக, அதில் தவறில்லை. ஆனால் ஒரு சிறு துண்டு நிலத்திலாவது பழைய சாமையை ஆண்டுதோறும் விதைத்து விதையைப் புதுப்பித்து வையுங்கள். குதிருக்குள் பல ஆண்டு கிடக்கும் விதை முளைப்புத்திறனை இழந்துவிடும்.

எதில் விதை எடுக்கலாம், எதில் கூடாது?

- நெல், சாமை, தினை, கேழ்வரகு, உளுந்து, நிலக்கடலை: பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேரும். ரகமாக இருந்தால் தாராளமாக விதை எடுக்கலாம். வயலின் நடுப்பகுதியில் எடுங்கள். பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் கலவன் செடிகளைப் பிடுங்குங்கள். நெல்லில் மூன்று போகத்துக்கு ஒருமுறை சான்று விதைக்கு மாறுவது நல்லது.
- கம்பு, ஆமணக்கு, துவரை, பூசணி வகைகள்: காற்றாலோ பூச்சியாலோ பக்கத்து வயல் மகரந்தம் கலந்துவிடும். ஹைபிரிட் அல்லாத ரகமானால் விதை எடுக்கலாம். ஆனால் வேறு ரகத்திலிருந்து தள்ளி விதைக்க வேண்டும். ஒரு செடியில் மட்டும் எடுக்காமல் பல செடிகளிலிருந்து எடுங்கள்.
- மக்காச்சோளம், பருத்தி, காய்கறி ஹைபிரிட்கள்: ஒவ்வொரு முறையும் புது விதை.
- கரும்பு, மரவள்ளி, மஞ்சள்: ரகம் மாறாது. நோயில்லாத கரணை, குச்சி, கிழங்கு தேர்வுதான் முக்கியம்.

சட்டம் உங்கள் பக்கம்

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதன்படி, ஒரு நிறுவனம் பதிவு செய்த ரகமாக இருந்தாலும், உங்கள் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்தச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ரகம் என்று அடையாளமிட்ட பையில் போட்டு விற்பதுதான் கூடாது. சொன்ன விளைச்சல் தராத விதைக்கு இழப்பீடு கோரவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் ஊர் நாட்டு ரகத்தை விவசாயிகள் ரகமாகக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பாரம்பரிய ரகங்களைக் காக்கும் சமூகங்களுக்கு விருதும் உண்டு.

உரிமை கோர ஆதாரம் வேண்டும். எனவே விதை வாங்கும்போது:

- ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரசீதில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் இருக்க வேண்டும்.
- அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல நிறம், ஆதார விதைக்கு வெள்ளை. முளைப்புத்திறன், இனத்தூய்மை, காலாவதி தேதி மூன்றையும் படியுங்கள். நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன் வேண்டும்.
- விதைத்த பிறகும் காலிப் பையையும், ஒரு பிடி விதையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள்.
- முளைப்பு குறைந்தாலோ, கலப்பு அதிகம் தெரிந்தாலோ பயிரை உழுதுவிடாமல் உடனே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வயலில் பயிர் நிற்கும்போதுதான் ஆய்வு செய்ய முடியும்.

அடுத்த முறை விதைக் கடைக்குப் போகும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். இது ரகமா, ஹைபிரிட்டா? மரபணு மாற்று விதை என்றால் எந்தப் புழுவுக்கு, அனுமதி உண்டா? இதில் நான் விதை எடுக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.